மூக்கைத் திருப்பிக் கொடுத்த வைத்தியர்

சபையிலே பேச்சில் தோற்றவனை மூக்கறுபட்டான் என்று சொல்லுகிறோம். சம்பந்தம் பேசப் போன இடத்தில் அவமரியாதை நேர்ந்தால் அதற்கும் மூக்கறுப்பு என்றே பெயர். கையறுபட்டான், காலறுபட்டான் என்று அவமானத்துக்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. கையை இழந்தவனைக் கண்டால் உலகம் இரக்கப்படுகிறது. மூக்கை இழந்தவனைக் கண்டாலோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இவன் என்ன செய்து இந்தக் கதிக்கு ஆளானானோ என்று சந்தேகிக்கிறது. மனிதனுடைய மானம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால், நம் பாஷை மூக்கைத்தான் சுட்டிக் காட்டுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் பல தேசங்களில் மூக்கை அறுப்பது ஒரு தண்டனையாக இருந்தது. கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட இரண்டாம் ஜஸ்டினியன் என்ற சக்கரவர்த்தியை 695-ஆம் ஆண்டு பதவியிலிருந்து தள்ளியவர்கள், அவருடைய மூக்கை அறுத்து நாடு கடத்தினார்கள். அங்கஹீனம் உள்ளவன் சிம்மாசனம் ஏறலாகாது என்பது அந்நாட்டார் எண்ணம். அவரோ பத்து வருஷம் பொறுத்திருந்து, 705-ஆம் ஆண்டு படையோடு திரும்பி வந்து பட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் சரித்திரக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மூக்கறுந்தவர் என்பதே. இழந்த ராஜ்ஜியம் திரும்பி வந்தது. இழந்த மூக்கின் பெயர் போகவில்லை.

நம் மதரஸாக்களில் ஹதீஸ் ஓதியவர்களுக்கு அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் பெயர் தெரிந்திருக்கும். அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் யுத்தத்தில் அவர்கள் தம் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார்கள். அது நாளடைவில் துர்வாடை வீசத் தொடங்கிற்று. அப்பொழுது நபி (ஸல்) அவர்கள், பொன்னால் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுமாறு அவர்களுக்குச் சொன்னார்கள். ஆண்களுக்குப் பொன் அணிதல் ஆகாது என்ற சட்டம் இருக்கும்போதே இந்தச் சலுகை கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மூக்கிழந்த ஒரு மனிதனின் கஷ்டம் எவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

ஆனால் வெள்ளியானாலும் பொன்னானாலும் உலோகம் உலோகமே. அது சதையோடு ஒட்டாது. மனிதனுடைய சொந்தத் தோலிலிருந்தே உயிருள்ள மூக்கு ஒன்றை வளர்த்தெடுக்கலாம் என்று செய்து காட்டி, அந்த வித்தையைப் படம் போட்டுப் புஸ்தகமாக எழுதி வைத்தவர் ஒருவர் இத்தாலி தேசத்தில் இருந்தார். அவர் பெயர் கஸ்பாரே தாலியாகோசி. அவருடைய சரித்திரத்தையும், அவர் மறைந்த பிறகு அவருடைய வித்தைக்கு நேர்ந்த கதியையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். தொழில் தெரிந்தவர்கள் தொழிலை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. ஆகையால் வியாபாரிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு.

பிறப்பும் படிப்பும்

தாலியாகோசி 1545-ஆம் ஆண்டு பொலோன்யா நகரத்தில் பிறந்தார். அந்த நகரம் அக்காலத்தில் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள சர்வகலாசாலை 1088-ஆம் ஆண்டு தொடங்கியதாகக் கணக்கு. ஐரோப்பாவிலேயே மிகப் பழமையான சர்வகலாசாலை என்று அதற்குப் பெயர். அங்கே வைத்தியம் படிக்க வந்த பிள்ளைகள் கிரேக்க நூல்களோடு நம்மவர்களின் நூல்களையும் படித்தார்கள். இப்னு சீனா அவர்களின் கானூன் லத்தீன் பாஷையில் பாடப்புஸ்தகமாக இருந்தது. ஸ்பெயின் தேசத்து அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள் ரணசிகிச்சைக் கருவிகளைப் படம் வரைந்து எழுதிய கிதாபும் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய வைத்தியர்கள் கையில் இருந்தது.

இத்தகைய கலாசாலையில் தாலியாகோசி வைத்தியம் பயின்றார். கார்தானோ, அல்திரோவாந்தி, அரான்சியோ ஆகிய பேர்போன ஆசிரியர்களிடம் பாடம் கேட்டார். 1570-ஆம் ஆண்டு வைத்தியப் பட்டமும், 1576-ஆம் ஆண்டு தத்துவப் பட்டமும் பெற்றார். பிறகு அங்கேயே ரணசிகிச்சையும் உடற்கூறு சாஸ்திரமும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். சாகும்வரை அந்த நகரத்தை விட்டு அவர் வேறெங்கும் குடிபோகவில்லை.

அக்காலத்தில் ஐரோப்பாவின் பல பாகங்களில் மருந்து கொடுக்கும் வைத்தியனுக்கு இருந்த மதிப்பு, கத்தி பிடிக்கும் வைத்தியனுக்கு இல்லை. நம் ஊர்ப்பக்கங்களில் முடி வெட்டிய ஒஸ்தாவே சுன்னத்தும் செய்து, கட்டிக்குக் கத்தியும் வைத்ததைப்போல, அங்கேயும் நாவிதர்களே பெரும்பாலும் ரணசிகிச்சை செய்தார்கள். படித்தவன் கையில் இரத்தம் படுவது கௌரவக் குறைவு என்று எண்ணப்பட்டது. தாலியாகோசி இரண்டு பட்டம் பெற்றவர். அவர் மூக்கறுந்தவர்களைத் தேடி எடுத்துக்கொண்டது சாதாரணச் செய்தி அல்ல.

மூக்கறுந்தவர்களுக்கு அப்போது குறைவில்லை. வாலிபர்கள் இடுப்பில் வாளோடு திரிந்த காலம் அது. ஒரு சொல் தடித்தால் வாள் உருவப்பட்டது. முகத்தில் முன்னே நீண்டிருக்கும் மூக்குக்குத்தான் முதல் ஆபத்து. யுத்தங்களும் ஓயாமல் நடந்தன. போதாததற்கு 1495-ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் பரவிய மேகவியாதி அநேகருடைய மூக்கை உள்ளிருந்தே அரித்துத் தின்றது. இதனால் வாளால் மூக்கிழந்தவனும் வெளியே வரக் கூசினான். பார்க்கிறவர்கள் நோய் என்றே நினைப்பார்கள் அல்லவா?

டென்மார்க் தேசத்து வானசாஸ்திரி டைகோ பிராஹி தாலியாகோசியைவிட ஒரு வயது இளையவர். 1566-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ரோஸ்டாக் நகரத்தில் நடந்த வாட்சண்டையில் அவர் மூக்கின் ஒரு பாகத்தை இழந்தார். பிறகு உயிரோடு இருந்தமட்டும் உலோக மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டார். அது பொன்னும் வெள்ளியும் கலந்தது என்று ஊர் பேசிற்று. 2010-ஆம் ஆண்டு அவருடைய கல்லறையைத் திறந்து, எலும்பில் படிந்திருந்த கறையை எடுத்துப் பரீட்சித்தார்கள். பித்தளையின் அடையாளம்தான் கிடைத்தது. பொன் என்று கேட்டது பித்தளையாக முடிவது நகைக்கடையில் மாத்திரம் நடக்கிற காரியம் அல்ல போலும்.

பூட்டி வைத்த வித்தை

தோலால் மூக்குச் செய்யும் வித்தையைத் தாலியாகோசி தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே சிசிலித் தீவின் கத்தானியா நகரத்தில் பிராங்கா என்ற குடும்பத்தார் இதைச் செய்து வந்தார்கள். தகப்பனார் முகத்துத் தோலை எடுத்து மூக்குச் செய்தார். மகன் அந்தோனியோ, முகத்தில் இன்னொரு வடு எதற்கு என்று எண்ணிக் கையின் தோலை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர்களுக்குப் பிறகு இத்தாலியின் தென்கோடியில், திரோபேயா என்ற ஊரில், வியானியோ என்ற குடும்பத்தார் இத்தொழிலில் பிரபலமானார்கள்.

இக்குடும்பங்கள் வித்தையை வெளியே விடவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று வீட்டுக்குள்ளேயே அது நடந்தது. எழுத்தில் வைக்கவும் இல்லை. மசாலைச் சரக்கின் கைப்பாகத்தைக் கடைப் பையனுக்குக் காட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டு இடிக்கிற முதலாளியை நாம் பார்த்திருக்கிறோம். அதே வழக்கம்தான்.

பொலோன்யாவைச் சேர்ந்த பியோரவாந்தி என்ற ஒரு வைத்தியர் 1549-ஆம் ஆண்டையொட்டித் திரோபேயாவுக்குப் போனார். தமக்குத் தொழில் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. யுத்தத்தில் மூக்கிழந்த உறவினர் ஒருவர் இருப்பதாகவும், அவரை அழைத்துவரும் முன் சிகிச்சையைப் பார்த்துப் போக வந்ததாகவும் சொன்னார். கத்தி வைக்கும் நேரத்தில் பார்க்கச் சகியாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். இப்படி வேவு பார்த்த விஷயத்தைப் பிற்பாடு தம் புஸ்தகத்தில் எழுதினார். வேறு சில பெரிய வைத்தியர்களோ நேரில் பாராமல், கேள்விப்பட்டதை வைத்து எழுதினார்கள். கையின் சதையையே வெட்டி எடுக்கிறார்கள் என்றும், இந்தச் சித்திரவதையைக் காட்டிலும் மூக்கில்லாமல் இருப்பதே மேல் என்றும் எழுதி வைத்தார்கள்.

பாதிப் பேர் மறைத்தார்கள். மீதிப் பேர் தவறாகச் சொன்னார்கள். இந்த நிலைமையில்தான் தாலியாகோசி வருகிறார்.

ஒட்டுச்செடி முறை

அவர் செய்த சிகிச்சையைச் சற்று விவரமாகச் சொல்லுகிறோம். ஊரில் ஒட்டு மாங்கன்று கட்டியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். தோட்டக்காரன் நல்ல ஜாதி மரத்தின் கிளையை வெட்டி எடுத்து உடனே வேறு கன்றில் வைத்துக் கட்டுவதில்லை. சட்டியில் உள்ள கன்றைத் தாய்மரத்தின் அருகே கொண்டுபோய், கிளை தாய்மரத்தோடு இருக்கும்போதே இரண்டின் பட்டையையும் சீவிச் சேர்த்துக் கட்டுகிறான். சில வாரம் சென்று ஒன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் தாய்மரத்திலிருந்து அறுக்கிறான். தாலியாகோசி தம் புஸ்தகத்தின் பெயரிலேயே மரத்தில் ஒட்டுக்கட்டுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்தார்.

இங்கே தாய்மரம் நோயாளியின் புஜம். கன்று அவனுடைய முகம். முதலில் புஜத்தின் முன்பக்கத்துத் தோலை அகன்ற குறட்டால் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் நீளவாட்டில் கீறுவார். தோல் பாலம்போல நடுவில் நிற்கும். இரண்டு நுனியும் கையோடு இருக்க, பாலத்தின் அடியில் மெல்லிய துணியை நுழைத்துவிடுவார். தோல் மறுபடியும் அடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தத் துணி. சதையைத் தொடுவதே இல்லை. சுமார் இரண்டு வாரத்தில் அந்தத் தோல் சற்றுத் தடித்து, புதிய நிலைமைக்குப் பழகிக்கொள்ளும். பிறகு மேல்நுனியை மாத்திரம் அறுத்துவிடுவார். இப்போது அது ஒரு பக்கம் பிடிப்புள்ள நாக்குப்போலத் தொங்கும். அதையும் சில நாள் ஆறவிடுவார்.

அதற்கு அடுத்ததுதான் கடினமான கட்டம். மூக்கு இருந்த இடத்தின் பழைய வடுவைச் சீவிப் புதுப்புண் ஆக்கி, கையிலுள்ள தோலை அதில் வைத்துத் தைப்பார். கையைத் தலைக்குமேல் மடக்கி, முகத்தோடு அசையாமல் கட்ட வேண்டும். இதற்காகவே அவர் தலைக்குல்லாயும் சட்டையும் வார்களும் சேர்ந்த ஓர் அங்கியைத் தைத்து வைத்திருந்தார். அந்த நிலையில் நோயாளி சுமார் இருபது நாள் இருக்க வேண்டும். உண்பதும் உறங்குவதும் அப்படியே. மயக்க மருந்து உலகத்துக்கு வந்தது 1846-ஆம் ஆண்டு. ஆகவே இவையெல்லாம் நினைவோடு இருக்கும்போதே நடந்தன.

தோல் முகத்தில் பிடித்துக்கொண்டது என்று கண்ட பிறகு கையிலிருந்து அறுத்துக் கையை விடுதலை செய்வார். பிறகு நாசித் துவாரங்களை அமைத்து, நடுத்தண்டை மேலுதட்டோடு சேர்த்துத் தைப்பார். உருவம் குலையாமல் இருக்க அச்சும் குழலும் வைப்பார். எல்லாம் முடிய மூன்று மாதம் முதல் ஐந்து மாதம் வரை செல்லும்.

ஏன் இவ்வளவு பொறுமை? தோல் உயிரோடு இருக்க இரத்தம் வேண்டும். கையோடு ஒரு நுனி ஒட்டியிருக்கும்வரை கையின் இரத்தம் அதற்குப் பாய்கிறது. அந்த இருபது நாளில் முகத்திலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் அதற்குள்ளே வளர்ந்துவிடுகின்றன. அதன் பின் கையின் உதவி தேவையில்லை. இரத்த ஓட்டத்தின் முழுமையான வழியை ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் அச்சிட்டு வெளியிட்டது 1628-ஆம் ஆண்டு. தாலியாகோசி அதற்கு முன்னே, காரணம் முழுதும் அறியாமலே, கையனுபவத்தால் சரியான நாள் கணக்கைக் கண்டிருந்தார்.

பணக்காரர்களிடம் ஒரு கேள்வி எழுந்தது. நம் கையை ஏன் அறுக்க வேண்டும், ஓர் ஏழைக்குக் கூலி கொடுத்து அவன் கைத்தோலை வாங்கக்கூடாதா என்பதே அது. தாலியாகோசி இதை ஏற்கவில்லை. இரண்டு மனிதரை அத்தனை நாள் அசையாமல் சேர்த்துக் கட்டி வைப்பது நடவாத காரியம் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையில் இன்னும் ஆழமான காரணம் உண்டு என்பது வெகு காலம் சென்று தெரிந்தது. ஒருவன் உடம்பு மற்றவன் தோலை அந்நியன் என்று கண்டு தள்ளிவிடும். இதை 1940-களில் சோதனைகளால் விளக்கியவர் பீட்டர் மெதவார் என்ற விஞ்ஞானி. அதற்காக 1960-ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மூக்கு வேண்டியவன் அதன் விலையைத் தன் உடம்பிலிருந்தே கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்தவன் கணக்கில் எழுத முடியவில்லை.

திறந்து வைத்த புஸ்தகம்

தாலியாகோசி தம் முறையை 1586-ஆம் ஆண்டிலேயே மெர்க்கூரியாலே என்ற பெரிய வைத்தியருக்குக் கடிதமாக எழுதினார். பிறகு 1597-ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்தில் பெரிய புஸ்தகமாக அச்சிட்டார். குறைபட்ட அங்கங்களை ஒட்டுக்கட்டிச் சரிசெய்யும் ரணசிகிச்சை என்பது அதன் பெயரின் கருத்து. மாந்துவா தேசத்துப் பிரபுவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். முற்பகுதியில் மூக்கு, உதடு, காது ஆகியவற்றின் பெருமையையும் காரணகாரியங்களையும் விவரித்தார். பிற்பகுதியில் செய்முறையைச் சொன்னார். கடைசியில் இருபத்திரண்டு மரக்கட்டைப் படங்கள். எந்தக் கத்தி, எந்தக் குறடு, துணியை எப்படி நுழைப்பது, அங்கியை எப்படித் தைப்பது, நோயாளி கட்டிலில் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றையும் மறைக்காமல் போட்டுக் காட்டினார்.

இரண்டு குடும்பங்கள் நூறு வருஷத்துக்குமேல் பூட்டி வைத்திருந்த பெட்டியை அவர் சந்தையில் திறந்து வைத்தார் என்றே சொல்ல வேண்டும். புஸ்தகம் வந்த அதே வருஷத்தில் அதே வெனிஸ் நகரத்தில் வேறோர் அச்சுக்காரர் அனுமதியில்லாமல் அதைக் காப்பியடித்து விற்றார். மறுவருஷம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்திலும் அது அச்சாயிற்று. கள்ளச்சரக்கு வருகிறதென்றால் நல்ல சரக்குக்குக் கிராக்கி இருக்கிறது என்று பொருள். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது வீண் அலங்காரம் அல்லவா என்று கேட்டவர்களுக்கும் அவர் புஸ்தகத்தில் பதில் வைத்தார். பிறவியில் கிடைத்து, பின்னர் விதிவசத்தால் பறிபோனதை மீட்டுக் கொடுப்பதே தம் தொழில் என்றும், அதனால் பார்ப்பவர் கண்ணுக்கு வரும் இன்பத்தைவிட இழந்தவன் மனத்துக்கு வரும் தைரியமே முக்கியம் என்றும் அவர் வாதித்தார். மூக்கில்லாமல் தெருவில் நடக்க முடியாதவனை நடக்க வைப்பது அலங்காரம் ஆகுமா?

மரணமும் அபவாதமும்

புஸ்தகம் வெளிவந்த இரண்டு வருஷத்தில், 1599-ஆம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, தாலியாகோசி பொலோன்யாவில் காலமானார். வயது ஐம்பத்துநான்கு. கன்னிகாஸ்திரீகளின் கோயில் ஒன்றில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அதற்குப்பின் நடந்தது வருத்தமான சங்கதி. அவர் மந்திரவாதத்தால்தான் மூக்கு வளர்த்தார், அவருடைய ஆத்துமா நரகத்துக்குப் போய்விட்டது என்று வதந்தி கிளம்பிற்று. அடக்கம் செய்த இடத்திலிருந்து உடலை எடுத்து வெளியே புதைத்தார்கள். பிறகு மார்க்க அதிகாரிகள் விசாரணை நடத்தி, அவர்மேல் குற்றமில்லை என்று தீர்த்து, உடலை மீண்டும் பழைய இடத்தில் சேர்க்க வகை செய்தார்கள். பிறர் முகத்தின் அவமானத்தைப் போக்கினவருடைய மையித்துக்கே அவமானம் நேர்ந்தது.

அவருடைய மாணாக்கர் கோர்த்தேசி 1625-ஆம் ஆண்டு ஒரு நூலில் இம்முறையை எழுதி வைத்தார். ஆனால் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். அதற்குப் பதிலாகக் கட்டுக்கதை வளர்ந்தது. ஒரு கனவான் கூலிக்காரன் ஒருவனின் தோலால் மூக்குச் செய்துகொண்டாராம். சில காலம் சென்று எங்கோ அந்தக் கூலிக்காரன் இறந்தானாம். அதே நேரத்தில் கனவானின் மூக்கு அழுகி விழுந்ததாம். அடுத்தவன் தோலை வைக்கக்கூடாது என்று எழுதின மனிதரின் பெயரோடு இந்தக் கதையைச் சேர்த்துச் சிரித்தார்கள். ஆங்கிலக் கவிஞர் ஒருவர் 1663-ஆம் ஆண்டு இதைப் பரிகாசப் பாட்டாகவே பாடிவிட்டார். படித்துப் பார்க்காதவன் பேச்சு, படித்தவன் எழுத்தை இருநூறு வருஷம் மூடி வைத்தது.

பூனாவிலிருந்து வந்த செய்தி

இந்தியாவில் இந்த வித்தை வேறு வழியில் உயிரோடு இருந்தது. சுஸ்ருதர் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூலில், கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறை சொல்லியிருக்கிறது. அந்த நூல் அப்பாஸியர் காலத்தில் பக்தாதில் அரபியிலும் பெயர்க்கப்பட்டது. மராட்டிய தேசத்தில் நெற்றித் தோலால் செய்யும் முறை வழங்கி வந்தது.

1792-ஆம் ஆண்டு முடிந்த மைசூர் யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர், திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் இழந்தார். ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்த அவருக்குப் பூனாவுக்கு அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் சிகிச்சை செய்தார். குரூசோ, பிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில வைத்தியர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். மெழுகால் மூக்குக்கு அளவெடுத்து, அந்த மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்து, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவ மத்தியில் மாத்திரம் ஒரு பிடிப்பை விட்டு, திருப்பிக் கீழே கொண்டுவந்து மூக்கின் இடத்தில் பொருத்தினார். தைக்கவில்லை. வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார். நான்காம் நாள் அதை எடுத்துவிட்டு நெய்யில் தோய்த்த துணியை வைத்தார். சுமார் இருபத்தைந்தாம் நாள் புருவ மத்தியின் பிடிப்பை அறுத்தார்.

காசுக்கட்டியும் நெய்யும் நம் கடைச் சரக்குகள். இவற்றை வைத்துக்கொண்டு, எழுதப் படிக்கக் கலாசாலை ஏறாத ஒரு மனிதர், ஐரோப்பா மறந்துபோன காரியத்தை முடித்தார். இச்செய்தி 1794-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வெளிவந்தது. அதைப் படித்த லண்டன் வைத்தியர் கார்ப்பியூ, பிணங்களில் பழகிப் பார்த்துத் தக்க நோயாளிக்காகக் காத்திருந்து, 1814-ஆம் ஆண்டு ஓர் உத்தியோகஸ்தருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்தார். 1816-ஆம் ஆண்டு அதைப் புஸ்தகமாக்கினார். ஜெர்மனியில் பெர்லின் வைத்தியர் கிரேபே தாலியாகோசியின் பழைய புஸ்தகத்தைத் தூசு தட்டி எடுத்து, கைத்தோல் முறையையும் செய்து பார்த்து 1818-ஆம் ஆண்டு எழுதினார். கிழக்கிலிருந்து வந்த செய்தியும் மேற்கில் உறங்கிய புஸ்தகமும் அப்போதுதான் ஒன்று சேர்ந்தன.

முதல் உலக யுத்தத்தில் குண்டுபட்டு முகம் சிதைந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு, இங்கிலாந்தின் சிட்கப் ஆஸ்பத்திரியில் நியூசிலாந்துக்காரர் ஹரால்ட் கில்லிஸ் முகம் அமைத்துக் கொடுத்தார். 1917-ஆம் ஆண்டு அவர், உடம்பிலிருந்து எடுக்கும் தோல் வாரின் இரண்டு ஓரத்தையும் தைத்துக் குழல்போல ஆக்கினார். உட்புறம் மூடியிருந்ததால் அது சீழ் பிடிப்பது குறைந்தது. ஒரு நுனி ஒட்டியிருக்க மறு நுனியை நகர்த்தும் அந்த ஏற்பாடு, தாலியாகோசியின் ஒட்டுச்செடிக் கணக்கேதான்.

இன்று புற்றுநோயாலோ விபத்தாலோ மூக்கை இழந்தவர்களுக்கு நெற்றித் தோலாலும், காது அல்லது விலா எலும்பின் குருத்தாலும் மூக்கு அமைக்கிறார்கள். தூரத்துத் தோலைக்கூட அறுத்தெடுத்து, மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழ் இணைத்துத் தைக்கிறார்கள். கையைத் தலையில் கட்டி வைக்கும் கஷ்டம் இல்லை. 2005-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் இறந்தவர் ஒருவரின் மூக்கும் உதடும் சேர்ந்த முகப்பாகத்தையே உயிரோடு இருக்கும் ஒருவருக்குப் பொருத்தினார்கள். உடம்பு அதைத் தள்ளாமல் இருக்க மருந்து தொடர்ந்து உண்ண வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை

பொலோன்யாவின் பழைய கலாசாலைக் கட்டிடத்தில், பிணம் அறுத்துப் பாடம் சொன்ன மரத்தாலான மண்டபத்தில் தாலியாகோசிக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலையின் கையில் ஒரு மூக்கு. 1944-ஆம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி விழுந்த வெடிகுண்டு அந்த மண்டபத்தை நொறுக்கிற்று. இடிபாட்டிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கியெடுத்து, யுத்தம் முடிந்த பிறகு பழைய மாதிரியே கட்டினார்கள்.

இந்தச் சரித்திரத்திலிருந்து இரண்டு காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, முகத்தில் குறையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. உதடு பிளந்து பிறந்த குழந்தையையும், விபத்தில் முகம் கெட்ட பெண்ணையும், விருந்தாளி வரும்போது பின்கட்டில் உட்காரவைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இறைவன் விட்ட வழி என்று சொல்லிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வழி இருக்கிறது; வைத்தியமும் அவன் தந்த வழிதான். காலம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

இரண்டாவது, தொழிலைப் பற்றியது. பிராங்கா வீட்டார் கெட்டிக்காரர்கள். வியானியோ வீட்டார் கெட்டிக்காரர்கள். பூட்டி வைத்த வித்தை அந்த வீட்டு வாசலோடு நின்றது. பூனாவில் மூக்கு அமைத்தவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் எழுதியதால் அவர் செய்கை மாத்திரம் பிழைத்தது. தாலியாகோசியின் வித்தையோ அவரைத் தூற்றிய காலத்திலும் அலமாரியில் காத்திருந்து, கேட்பவன் வந்தபோது பதில் சொல்லிற்று. நம் கடைகளில் சரக்கின் தரம் பார்ப்பதும், கொள்முதல் இடமும், கடன் கொடுக்கத் தகுந்தவன் யார் என்ற கணக்கும் முதலாளியின் தலைக்குள்ளேயே இருக்கின்றன. அவர் மௌத்தான மறு மாதம் பேரேட்டைப் புரட்டிக்கொண்டு பிள்ளைகள் விழிக்கிறார்கள். தெரிந்ததைப் பிள்ளைக்கும், கூட நிற்கும் கடைப் பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு நோட்டுப்புஸ்தகத்தில் எழுதியும் வையுங்கள்.